தங்கச்சாமிக்கு எழுபது

வண்டிக் கண்ணாடியைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பி, மீசையின் இடது பாதிக்குச் சாயம் பூசி முடித்துவிட்டார் தங்கச்சாமி. வலது பாதி இன்னும் வெள்ளை. சனிக்கிழமை காலையில் ஏழாயிரம்பண்ணையில் அவர் வீட்டைக் கடந்து போகிறவர்கள் இந்த இரண்டு நிற மீசையைப் பார்த்துச் சிரிப்பதுண்டு. அவர் சட்டை செய்வதில்லை. பத்து ரூபாய்ப் பாக்கெட்டை மீசைக்கும் கிருதாவுக்கும் பங்கு வைத்து, கடைசிச் சொட்டைப் புருவத்துக்கு ஒதுக்குவார். "புருவத்த விட்டா காரியம் கெட்டுப்போவும்" என்பது அவர் அனுபவம்.

ஊருக்கு வெளியே ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் வாட்ச்மேன். உள்ளே போகிற நூற்றுச் சொச்சம் பேரிடமும் செல்போன், தீப்பெட்டி, பீடி எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டுதான் விடுவார். டோக்கன் கிடையாது. எந்த போன் யாருடையது என்பது அவருக்கு மனப்பாடம். மடியில் ஒற்றைப் பீடி ஒளிந்திருந்தாலும் மூக்கு காட்டிக்கொடுத்துவிடும். வேனில் ஏறும்போது கம்பியைப் பிடிக்கமாட்டார். தன்னைவிடப் பத்து வயது இளைய லோடுமேன் மாரிசாமியை, "வாங்க பெரியவரே, சாப்பிட்டீகளா?" என்று நாலு பேர் கேட்க விசாரிப்பார். மாரிசாமிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இத்தனை நாடகமும் பதிமூன்று வருடத்துக்கு முன் சொன்ன ஒரு பொய்யைக் காப்பாற்றத்தான். பழைய கம்பெனியை மூடிவிட்டார்கள். வேலை கேட்டுப் போன இடத்தில் ஐம்பத்தைந்துக்கு மேல் எடுப்பதில்லை என்றார்கள். அப்போது அவருக்கு ஐம்பத்தேழு. கூசாமல் ஐம்பத்திரண்டு என்றார். அதே மாதம் ஆதாருக்குப் படம் எடுக்க வந்தவர்களிடமும் அதையே சொல்ல, அவர்கள் கணக்குப் போட்டு ஒரு ஜனவரி ஒன்றாம் தேதியைப் பிறந்த நாளாக எழுதிக்கொண்டு போனார்கள். விஷயம் மனைவி குருவம்மாளுக்கு மட்டும் தெரியும். பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாது. வருடா வருடம் ஜனவரி ஒன்றாம் தேதி காபியை நீட்டிக்கொண்டு, "எளந்தாரிக்கு இன்னைக்குப் பொறந்த நாளு" என்று சிரிப்பாள் அவள்.

போன ஆவணியில்தான் வந்தது வினை. மகன் செழியன் ஜப்பானில் சாப்பாடு தயாரிக்கும் ஒரு கம்பெனியில் மூன்றாவது வருடமாக வேலை பார்க்கிறான். வீடியோவில் பார்த்தால் பையனுக்குக் கண் உள்ளே போய்க் கிடந்தது. "ஏலே, தூங்குதியா இல்லையா?" என்று கேட்டார்.

"ஞாயித்துக்கெளமையும் வேலைக்குப் போறேம்பா. இங்கன சம்பளத்துல வரி புடிக்காக. ஊர்ல இருக்க அப்பா அம்மாவ நாந்தான் பாத்துக்கிறேன்னு பேப்பர் காட்டுனா கொறைப்பாக. ஆனா எழுபது வயசுக்குள்ள இருக்கவுகளுக்கு வருசத்துக்கு மூணு லட்சத்து எம்பதாயிரம் யென்னு அனுப்பியிருக்கணுமாம். அதுவும் அவுகவுக பேருக்குத் தனித்தனியா. நான் தெரியாம எல்லாத்தையும் அம்மா பேருக்கே போட்டுட்டேன். வருசம் முடியறதுக்குள்ள ஒங்க பேருக்கு அம்புட்டும் அனுப்பணும்."

"எழுபது ஆயிட்டா?"

"அப்பன்னா ஒங்க பேருக்கு ஏதோ கொஞ்சம் அனுப்புனாலே போதும். ஒங்களுக்கு அறுபத்தஞ்சுதானப்பா ஆச்சு."

அந்த வைகாசியோடு அவருக்கு எழுபது முடிந்திருந்தது. மகனுடைய ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தன் மீசைச் சாயம் தின்றுகொண்டிருக்கிறது என்று நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது. சொல்லிவிடலாம்தான். ஆனால் நிஜ வயது வெளியே வந்தால் கேட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள். மகள் ஓவியாவின் நர்சிங் படிப்புக்கு அவர் சம்பளமும் வேண்டியிருந்தது. ஒரு வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் திரிந்தார். மாரிசாமியைக்கூட வம்புக்கு இழுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு போனை எடுத்ததும் சொல்லிவிட்டார். "ஏலே செழியா, எனக்கு எழுபதுலே. அறுபத்தஞ்சுங்கிறது வேலைக்காக நானாச் சொன்னது."

செழியன் போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தான். பிறகு, "யப்பா, இங்கன பொய்ப் பேப்பர் குடுத்தா என்னைய ஊருக்கு அனுப்பிருவாக. பொறந்ததுக்கு அத்தாட்சி இருக்கா?" என்றான்.

"இருக்கும்லே. பொறந்தது நெசந்தான?"

தாலுகா ஆபீசுக்கு மூன்று நடை நடந்தார். மூன்றாம் நடையில், ஓரமெல்லாம் பொடிந்த ஒரு பழைய பதிவேட்டில் அந்த வரி கிடைத்தது. குழந்தைக்கு அப்போது பெயர் வைத்திருக்கவில்லை. அப்பா பெயரைப் போட்டு, 'ஒச்சப்பன், ஆண் குழந்தை' என்று மட்டும் இருந்தது. கிளார்க் அம்மா பக்கத்தை மூடப் போனபோது, "இன்னொருக்க வாசிங்கம்மா" என்று கேட்டுக்கொண்டார். பிறகு பெயர் சேர்த்துச் சான்றிதழ் வாங்கி, அதை வைத்து ஆதாரைத் திருத்தி, எல்லாவற்றையும் மகனுக்கு அனுப்பினார்.

அடுத்தது முதலாளி. பிறர் வாயால் தெரிவதற்கு முன் தானே போய்விடுவது என்று, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு காசிராஜன் மேஜைக்கு முன்னால் நின்றார்.

"மொதலாளி, எனக்கு எழுபது வயசு ஆயிருச்சு."

"தெரியும்" என்றார் காசிராஜன், ஆர்டர் நோட்டிலிருந்து தலையை எடுக்காமலே. "நம்ம அச்சாபீஸ் சங்கரபாண்டியன் எழுபது வயசுக்குச் சாப்பாடு போட்டார்ல. ஒண்ணாப்புல நீங்களும் அவரும் ஒரே பெஞ்சுன்னு சொன்னாரு."

"அப்ப எனக்கு வேல...?"

"கேட்ல நிக்கதுக்கு வயசு எதுக்கு? மூக்கு இருந்தாப் போதும். போயி வேலயப் பாருங்க."

வெளியே வந்து குழாயடியில் முகம் கழுவினார். கண்ணீர் நிற்கவில்லை. மறுபடியும் கழுவினார். பதிமூன்று வருடம் நெஞ்சில் சுமந்த கல் ஒரு நிமிடத்தில் இறங்கிவிட்டது. பின்னாலேயே கொஞ்சம் கோபமும் வந்தது. முதலாளிக்கே தெரியுமென்றால், புருவம் வரைக்கும் வாங்கிப் பூசிய சாயத்துக்கு யார் பொறுப்பு? ஆனாலும் சாயத்தை விடவில்லை. கேட்டால், "எழுபதுன்னா நரைக்கணும்னு சட்டமா இருக்கு?" என்கிறார். மாரிசாமி இன்னும் பெரியவர்தான்.

கார்த்திகையில் செழியன் கூப்பிட்டான். தங்கச்சாமி பெயருக்கு அவன் தனியாக அனுப்பிய சிறு தொகையின் ரசீதையும் பிறப்புச் சான்றிதழையும் கம்பெனியில் ஒப்புக்கொண்டார்கள். "வரி கொறையும்ப்பா. இனிமே ஞாயித்துக்கெளம போவ மாட்டேன்." அன்றைக்குக் குருவம்மாள் தெருவில் நாலு வீட்டுக்கு வெள்ளைப் பணியாரம் கொடுத்துவிட்டாள். எதற்கு என்று கேட்டவர்களிடம், "எங்க வீட்டுக்காரருக்கு எழுபது ஆயிருச்சுல்ல" என்றாள்.

போன ஞாயிறு காலை அவர்தான் மகனுக்குப் போன் போட்டார். அங்கே உச்சிப்பொழுது ஆகியிருக்கும். செழியன் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி எடுத்து, "சொல்லுங்கப்பா" என்றான். போனைத் தலையணையில் சாய்த்து வைத்தவன், அவர் பதில் சொல்வதற்குள் மறுபடி தூங்கிப்போனான். வாய் லேசாகத் திறந்திருந்தது.

"வச்சிருங்க, தூங்கட்டும்" என்றாள் குருவம்மாள். அவர் தலையை ஆட்டினார், வைக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து, தெருக்கோடிக் காதுகுத்து வீட்டில் தாய்மாமன் சீர் வந்திறங்கி, ஆயிரம் வாலாச் சரத்தைப் பற்றவைத்துவிட்டார்கள். தங்கச்சாமி பதறிப்போய், சத்தம் அந்தப் பக்கம் போகாமல் போனின் வாயை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டார்.