வெள்ளிக்கிழமை மயக்கம்

வெள்ளிக்கிழமை என்றால் எண்ணெய்க் குளியல். எண்ணெய்க் குளியல் என்றால் எனக்கு மயக்கம். இவ்வளவு வெளிப்படையான சங்கதி எங்கள் மயிலாப்பூர் வீட்டில் யார் கண்ணிலும் படவில்லை, கணக்கு டீச்சரான என் கண்ணிலும்தான். அம்மா காய்ச்சிய நல்லெண்ணெயைக் கை காலெல்லாம் அழுத்தித் தேய்ப்பாள். வெந்நீரில் குளித்து வெளியே வந்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்துக் கூடத்தில் சரிவேன்.

"உடம்புச் சூடுடி. இன்னும் நன்னாத் தேய்ச்சுண்டா சரியாப் போயிடும்" என்பாள். அதனால் செவ்வாய்க்கிழமையும் சேர்ந்துகொண்டது.

ஒரு செவ்வாயன்று தி.நகர் பள்ளியில், பிள்ளைகள் முன்னாலேயே விழுந்தேன். உடம்பு குணமாகாமல் வகுப்புக்கு வரவேண்டாம் என்றார் தலைமையாசிரியை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வேலையை விடப்போவதில்லை, காரணம் தெரியாமல் ஓயப்போவதும் இல்லை. ரத்தம், இதயம், தலை ஸ்கேன் எல்லாம் பார்த்தாயிற்று. ஒன்றுமில்லையாம். ஒரு டாக்டர் கல்யாணத்தைச் சிபாரிசு செய்தார்.

கடைசியில் அடையாறில் ஒரு தோல் டாக்டர், மச்சம் என்று நாங்கள் விட்டுவைத்திருந்த என் கைப் பழுப்புப் புள்ளிகளில் ஒன்றைப் பேனாவின் பின்புறத்தால் தேய்த்தார். சற்று நேரத்தில் அது கொசு கடித்ததுபோல் தடித்துச் சிவந்தது. சதைத்துணுக்கைச் சோதித்தபின் சொன்னார்: "மாஸ்ட் செல்னு ஒண்ணு உங்க தோல்ல அதிகமா இருக்கு. தேய்ச்சாலும் சூடு பட்டாலும் அதுக்குள்ள இருக்கற ரசாயனத்தை ரத்தத்துல கொட்டிடும், பிரஷர் இறங்கிடும். ரொம்ப அபூர்வம். போகாது. ஆனா பார்த்து நடந்தா சமாளிக்கலாம்."

தினம் மாத்திரை, ஆறின தண்ணீரில் குளியல், எண்ணெய் தேய்ப்பதும் கண்ட வலி மாத்திரையும் கூடாது. வகுப்புக்குத் திரும்பினேன். நோயைவிட அம்மாவைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. தீபாவளியன்று விடிவதற்குள் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்றாள்.

"நாளும் கிழமையுமா வறட்டுத் தலையோட இருப்பியா? டாக்டருக்கு என்ன தெரியும்?"

அவள் கட்டைவிரலைப் பிடித்து என் கையிலிருந்த புள்ளியில் தேய்த்தேன். "பாரும்மா." அவள் விரலடியிலேயே அது தடித்து எழும்பியது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"நான்தானேடி... வாரா வாரம் தேய்ச்சேன்."

எனக்கும் அழுகை வந்துவிட்டது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு சொட்டு எண்ணெயை என் உச்சியில் வைத்தாள், தேய்க்கவில்லை. வெந்நீரில் பச்சைத்தண்ணீரைக் கலந்து, தன் கையில் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் எனக்கு ஊற்றினாள்.

விடிந்ததும் பக்கத்து வீட்டு மாமி, "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று என்னைக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"பேஷா ஆச்சு. எங்காத்துல இனிமே இப்படித்தான்."