சமையலறைச் சுவரில் ஒரு துவாரம்

கரமனையில் எங்கள் வீட்டைப் பழமை மாறாமல் புதுப்பித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் பார்வையாளர்களுக்குத் திறந்துவிடத் தொடங்கியதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. சுற்றிக்காட்டுவது நான்தான். தெருவாசலில் நின்றாலே ரேழி, நடுமுற்றம், சமையலறை, கிணற்றடி எல்லாம் ஒரே நேர்கோட்டில் தெரியும். தேக்கு மச்சு, சுண்ணாம்புச் சாந்து என்று ஆரம்பித்தேனானால், நான் வாயை மூடுவதற்குள் வந்தவர்களுக்குக் கால் கடுத்துவிடும்.

ஓரிடத்தில் மட்டும் நாக்கு புரளும். சமையலறையை ஒட்டி ஒரு பக்கமாக ஜன்னல் இல்லாத சின்ன அறை. மாதத்தில் மூன்று நாள், தீட்டு என்று வீட்டுப் பெண்களை ஒதுக்கிவைத்தது அங்கேதான். இரண்டுக்கும் நடுச்சுவரில், தரையை ஒட்டி, தட்டு நுழையும் அளவுக்கு ஒரு துவாரம். ஆளைத் தொடாமல் சாப்பாட்டைத் தள்ளிவிட! என் அம்மாவும் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மூன்று நாளும் அப்படித்தான் சாப்பிட்டாள்.

புதுப்பிக்க வந்த ஆர்க்கிடெக்ட் அது எதற்கென்று கேட்டபோது, காற்றோட்டத்துக்கு என்றேன். வெட்கம், வேறென்ன. அவரும் நம்பி, 'காற்றுத் துவாரம்' என்று அழகாக ஒரு பலகை எழுதி மாட்டிவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

போன ஞாயிறு, நாகர்கோவிலிலிருந்து வந்த ஒரு கல்லூரிப் பெண் முட்டிபோட்டு அதைப் படமெடுத்தாள். அந்தக் காலத்து ஆட்களின் மூளையே தனி என்று வியந்தாள். நானும் கூசாமல் தலையாட்டினேன். அம்மா அன்றைக்கென்று பக்கத்திலேயே துணி மடித்துக்கொண்டிருந்தாள். இதில் நல்ல காற்று வருமா பாட்டி என்று அந்தப் பெண் அவளிடமே கேட்டுவிட்டாள். அம்மா போட்டு உடைக்கப்போகிறாள், இத்தனை பேர் முன்னால் மூக்கறுபடப்போகிறேன் என்று நினைத்தேன்.

அம்மா பலகையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வரும் குழந்தே. சாதம் ஆறிப்போற அளவுக்கு வரும், கேட்டியா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் பல்லைக் காட்டினேன். அதற்கு அவள் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். உள்ளே குன்றிப்போய்விட்டேன்.

கூட்டம் போனதும் ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு பலகையைக் கழற்றப் போனேன். அம்மா வந்து பின்னால் நின்றாள்.

"கழட்டிட்டு அங்க என்னடா எழுதப்போறாய்?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். உள்ளதை எழுதுகிறேன் என்று சொல்வதற்குப் பதில், பாதி கழற்றிய திருகை மறுபடி முடுக்கினேன். அதைப் பார்த்துவிட்டு, துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பலகை அங்கேயேதான் இருக்கிறது. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை.