எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றினால் பிரகாசமாகிற பல்புகள்

மார்ச் 19, வியாழக்கிழமை, மாலை 5.10. பகலெல்லாம் காய்ந்த வெயில் இன்னும் இறங்கவில்லை. ஓர் இலைகூட அசையவில்லை. நல்லம்பள்ளியில் என் மைத்துனர் மகனின் எலக்ட்ரிகல் கடையில் உட்கார்ந்திருந்தேன். நூற்பாலையில் முப்பத்தொரு வருடம் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கேரண்டிக்குத் திரும்பி வரும் பல்புகளைச் சோதித்துப் பார்ப்பது இப்போது என் பொறுப்பு. வயரிங் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. பல்பில் குறை இல்லை

காவேரி என்ற பெண் பையிலிருந்து ஆறு எல்.இ.டி. பல்புகளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். எல்லாம் ஒன்பது வாட்.

"வாங்கி மூணு மாசம்தான் ஆச்சுங்க பெரியப்பா. அதுக்குள்ள அழுது வடியுது. ஆறையும் மாத்திக் குடுங்க."

ஆறையும் ஒவ்வொன்றாகக் கடை ஹோல்டரில் மாட்டினேன். ஆறும் கண் கூசும்படி எரிந்தன. மங்கிய பல்பு வந்தால் முதலில் இதைத்தான் செய்ய வேண்டும். வேறு இடத்தில் மாட்டியும் மங்கினால் பல்புக்குள் கரண்டை மாற்றித் தரும் டிரைவரோ ஒளி தரும் சில்லோ போய்விட்டது. நன்றாக எரிந்தால் கோளாறு வீட்டில் இருக்கிறது.

"எந்நேரமும் மங்கலாவா எரியுது?"

"இல்லீங்க. பிரிஜ் ஓடறப்ப டல்லாவும். மிக்ஸியும் போட்டா சுத்தம். ஆனா தண்ணி ஊத்துனா பளிச்சுனு ஆயிரும்."

"எதுக்குத் தண்ணி ஊத்தற?"

"எர்த் குழிக்குங்க. வெயில் காலத்துல ஊத்தணும்னு உங்க ஆளுங்கதான சொல்றீங்க?"

சொல்கிறோம்தான். எர்த் கம்பி புதைத்திருக்கும் குழி ஈரமாக இருப்பது நல்லது. ஆனால் ஒழுங்காக வயரிங் செய்த வீட்டில் பல்பின் வெளிச்சத்துக்கும் அந்தக் குழிக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. குழி நனைந்தால் பல்பு பிரகாசமாகிறது என்றால், நியூட்ரல் வழியாகத் திரும்ப வேண்டிய கரண்ட் அந்தக் குழி வழியாக மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்பவருக்கு ஷாக் அடிக்கும்.

"பிரிஜ்ஜத் தொட்டா எப்படி இருக்கு?"

"சுர்ருங்கும். அதான் கைப்பிடியில துணி சுத்தி, செருப்புப் போட்டுட்டுத் தொறக்கறது. எங்க அத்த மட்டும் செருப்புப் போட மாட்டாங்க. வூட்டுக்குள்ள லட்சுமி தங்காதாம்."

"குழிக்குத் தண்ணி ஊத்தறது யாரு?"

"அத்ததான். தெனம் ஆறு மணிக்கு, வெளக்கு வெக்கறதுக்கு முன்னாடி."

கடிகாரம் 5.24 காட்டியது.

"உடனே போன் போடும்மா. ஊத்தக் கூடாதுன்னு சொல்லு."

போட்டாள். நான்கு முறை மணி அடித்து ஓய்ந்தது. "அத்த போனு அலமாரியில கெடக்கும், அவங்க கொல்லையில கெடப்பாங்க," என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2. ஐந்து கிலோமீட்டர்

அவள் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். வோல்ட் அளக்கும் மீட்டரில் பேட்டரி இருக்கிறதா, டெஸ்டரை எடுத்தேனா என்ற கவலையெல்லாம் வழியில்தான் வந்தது. இன்று சீக்கிரமே ஊற்றியிருந்தால்? ஆட்டு மந்தை ஒன்று சாலையைக் கடந்தது. கடைசி ஆடு வரை எண்ணினேன், முப்பத்தாறு. ஒவ்வொன்றும் எனக்கு அரை நிமிடமாகத் தெரிந்தது.

"பெரியப்பா, தோள இப்படி அமுக்காதீங்க. ஆடு நம்மளப் பாத்துச் சிரிக்குது."

வீட்டை அடைந்தபோது 5.46. பின்பக்கம் ஓடினேன். காவேரியின் மாமியார் முனியம்மாள் இடுப்பில் குடத்தோடு, வெறுங்காலோடு, குழியை நோக்கி நடந்துகொண்டிருந்தார். நேற்று ஊற்றிய ஈரம் குழியைச் சுற்றி இன்னும் காயவில்லை.

"ஊத்தாதீங்க! அங்கயே நில்லுங்க!"

"யாருய்யா நீ? எங்க வூட்டுத் தண்ணிய நான் ஊத்தறதுக்கு உன்னக் கேக்கணுமா?"

பதில் சொல்ல நேரமில்லை. உள்ளே போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். டிவி அணைந்தது. "ஐயோ, சீரியலு!" என்று முனியம்மாள் குடத்தைக் கீழே வைத்தார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

3. மாவு

மெயின் போர்டைத் திறந்தேன். நியூட்ரல் கட்டையிலிருந்து எர்த் கம்பிக்கு ஒரு துண்டு வயர் முறுக்கி இணைத்திருந்தது. எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லி, ஒரு நிமிடம் மட்டும் மெயினை ஏற்றி அளந்தேன். பிரிஜ் ஓடாதபோது 219 வோல்ட். ஓடியதும் 148. விலை குறைந்த எல்.இ.டி. பல்பு அந்த அளவில் மங்கத்தான் செய்யும். குறைந்த எழுபது வோல்ட் எங்கே போனது? எர்த் கம்பியில் நின்றது. அந்தக் கம்பிதான் பிரிஜ்ஜின் உடம்புக்கும் போகிறது. அது குழிப் பக்கம் அறுந்தால் பிரிஜ்ஜில் முழு 230 வோல்ட்டும் வந்து உட்காரும்.

காவேரி தன் கணவர் மாதையனுக்கு ஓசூருக்குப் போன் போட்டுக் கொடுத்தாள்.

"தீபாவளி மழையில கம்பத்துல நியூட்ரல் கட்டாயிருச்சுங்க. லைன்மேன் வர லேட்டாச்சு, நான்தான் எர்த்துல கோத்தேன். நல்லாத்தான எரிஞ்சுது? அப்புறம் லைன்மேனக் கூப்புடவே இல்ல."

மழைக்காலம். குழி ஈரமாக இருந்தது. எரிந்தது. பிறகு பூமி காய்ந்தது.

துண்டு வயரைக் கழற்றினேன். லைன்மேன் வந்து நியூட்ரலைச் சரி செய்யும்வரை கரண்ட் கிடையாது என்றேன். முனியம்மாள் பிரிஜ்ஜைத் திறந்து காட்டினார். உள்ளே பாக்கெட் பாக்கெட்டாகத் தோசை மாவு. அக்கம்பக்கத்துக்கு விற்கிறார். அதற்காகத்தான் பிரிஜ்ஜே வாங்கியிருக்கிறார்கள்.

"இந்த வெயிலுக்கு விடியறதுக்குள்ள பொங்கிரும். ஒரு ராத்திரிதான, அந்த ஒயர மறுபடி கோத்து வுட்டுட்டுப் போங்க. நான் இன்னிக்குத் தண்ணி ஊத்தல, போதுமா?"

"கோக்க மாட்டேங்க."

"நீங்க கோக்காட்டி பக்கத்து வூட்டுப் பையன் கோப்பான். பிளஸ் டூ படிச்சிருக்கான்."

கோப்பான் என்று எனக்கும் தெரியும். மெயினிலிருந்து பியூஸ் கட்டையை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"பட்டப்பகல்ல திருடறாரு பாரு உங்க பெரியப்பா," என்றார் மருமகளிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். "மாவுக் காச யாரு குடுப்பா, நீங்களா?"

அவர் கால்களைப் பார்த்தேன். இரண்டும் வெறுங்கால். வீட்டுக்குப் போனாலும் இரவெல்லாம் அந்தக் கால்கள்தான் கண்ணில் நிற்கும் என்று தெரிந்தது.

"நானே குடுக்கறங்க. அத்தனையும் எடுத்து வெளிய வைங்க."

"ரெண்டு பாக்கெட்டாவது நீங்க நஷ்டம் ஏத்துக்கலாம் அத்த," என்றாள் காவேரி.

"ஏன், அந்த ரெண்டு மட்டும் பொங்காதா?"

மறுநாள் பதினொரு மணிக்கு லைன்மேன் கம்பத்தில் ஏறி நியூட்ரலை மாற்றினார். பியூஸ் கட்டையைத் திரும்ப மாட்டி அளந்தேன். பிரிஜ் ஓடும்போதே 226. பிரிஜ்ஜின் உடம்பில் பூஜ்யம். மூன்று முறை அளந்துவிட்டுத்தான் கையை வைத்தேன். ஆறு பல்புகளும் நன்றாக எரிந்தன.

தம்பிகளே, பல்பு மங்குகிறது என்று யாராவது வந்தால் புதுப் பல்பைக் கையில் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். எப்போது மங்குகிறது, அப்போது வேறு என்ன ஓடுகிறது, பிரிஜ்ஜைத் தொட்டால் சுர்ரென்கிறதா என்று கேளுங்கள். தண்ணீர் ஊற்றினால் சரியாகிறது என்றால் எழுந்து அவர்களோடு போங்கள். ஆபத்தை நீக்கியபின் அவர்கள் திரும்ப இணைக்காமல் இருக்க என்ன வேண்டுமோ அதையும் செய்துவிட்டு வாருங்கள். எனக்கு அது இருபத்திரண்டு பாக்கெட் மாவு, ஒன்று முப்பது ரூபாய் வீதம், அறுநூற்று அறுபது ரூபாய்.