ஒரு கையால் எடுக்கும் பலகாரம்

தபால்காரர் அந்தக் கார்டைக் கொடுத்தபோது வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. மகன் மில்லுக்குப் போயிருந்தான். மருமகள் குழாயடியில் வரிசையில் நின்றாள். வழக்கமாக நான் கடிதத்தை வாங்கி அலமாரி மேல் வைத்துவிடுவேன். மகன் வந்ததும், "கண்ணு சரியாத் தெரியல, நீ வாசி" என்பேன். அன்று அப்படி வைக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து நானே வாசித்தேன். இந்த அறுபத்து மூன்று வயதில் எனக்கு வந்த கடிதத்தை நானே வாசித்தது அதுதான் முதல் தடவை.

எழுத்து எழுத்தாகக் கூட்டினேன். "செம்பூர்" என்று வந்தது. சந்தோஷமாக இருந்தது. "தானியேல்" வந்தது. எழுதினது யாரென்று தெரிந்துவிட்டது. அடுத்த வரியில் "எஸ்தர்" வந்தபோது, தடங்கல் இல்லாமல் வாசித்துவிட்டேன் என்று எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். மீதி இரண்டு வரியையும் அதே சிரிப்போடு வாசித்து முடித்தேன். பிறகுதான் வாசித்தது என்னவென்று மண்டையில் ஏறியது. தானியேலின் மனைவி எஸ்தர் அதற்கு முந்தின வியாழக்கிழமை இறந்துபோனாள். அடக்கமும் முடிந்துவிட்டது.

சாவுச் செய்தி வந்த கடிதத்தை வாசித்த உடனே கிழித்துப் போட்டுவிட வேண்டும் என்பார்கள். என்னால் கிழிக்க முடியவில்லை. எஸ்தருக்கு நான் செய்த காரியத்தை உங்களில் யாரும் அறியமாட்டீர்கள். அதைச் சொல்லத்தான் நம் சபைப் பத்திரிகையில் கொஞ்சம் இடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். நான் எழுதுவது மெதுவாகத்தான் வரும். இதற்குப் பத்து நாள் ஆயிற்று.

தாராவியில் நம் ஜெபக்கூடத்துக்கு வருகிற பழைய ஆட்களுக்கு எஸ்தரைத் தெரியும். ஒல்லியான பெண். வேகமாக நடப்பாள். கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் கூடத்துக்கு முன்னால் இருக்கிற முற்றத்தில் நாம் கூடுவோமே, அந்தக் கூடுகைக்குப் பலகாரம் செய்கிற பொறுப்பு பல வருஷம் அவளிடம்தான் இருந்தது. உட்கார இடம் இல்லை, இலை போட வழி இல்லை. எல்லாரும் நின்றுகொண்டேதான் சாப்பிட வேண்டும், பாட வேண்டும். பாட்டுப் புத்தகம் ஒன்று கை மாறிக்கொண்டே வரும். யார் கைக்கு வருகிறதோ அவர் இரண்டு வரி வாசிக்க வேண்டும். அதை மற்றவர்கள் திருப்பிப் பாடுவார்கள்.

அந்தப் புத்தகத்துக்கு நான் எவ்வளவு பயந்தேன் என்று இப்போது சொல்லலாம். எனக்கு எழுத்து தெரியாது. நம் சந்தில் எழுத்து தெரியாதவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் தெரியாது என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். நான் என் கல்யாணத்தின்போது அஞ்சாம் வகுப்பு படித்ததாகச் சொன்னவன். அந்தப் பொய்யை விட முடியாமல் வேதப் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்து, கடைசியில் சபைக் கமிட்டியிலும் ஒரு ஆள் ஆகிவிட்டேன். பழைய பாட்டெல்லாம் மனப்பாடம்தான். ஆனால் கைக்கு வருகிற புத்தகத்தில் எந்தப் பாட்டு, எந்த வரி என்று எனக்கு எப்படித் தெரியும்?

என்னைக் காப்பாற்றியது அதிரசம். புத்தகம் வருகிற நேரம் பார்த்து இரண்டு கையிலும் அதிரசத்தை வாங்கிக்கொள்வேன். விரலெல்லாம் எண்ணெய். "புத்தகம் பாழாயிரும், அடுத்த ஆளுக்குக் குடு" என்பேன். பல கிறிஸ்துமஸ் இப்படியே போயிற்று.

சீனாக்காரனோடு சண்டை நடந்த வருஷம் எஸ்தர் பலகாரத்தை மாற்றினாள். புத்தகம் எண்ணெய்க் கறையாகிவிட்டது என்று சபை ஐயர் வருத்தப்பட்டாராம். அவளுக்கு வேறொரு காரணமும் இருந்தது. "அத்தனை பேரும் கை கழுவ எங்க போவாங்க? குழாயில தண்ணி காலையிலயே வந்து போயிருது" என்றாள். அதன்பின் அவள் ஒரு கணக்கு வைத்தாள். "ஒரு கையால எடுக்கணும், ஒரே வாயில போடணும், துடைக்காம புத்தகத்தத் தொடணும். அதுதான் பலகாரம்."

அந்த வருஷம் தட்டுகளில் வந்ததை நான் இன்றும் மறக்கவில்லை. கட்டை விரல் அளவுக்குச் சின்னச் சின்ன முறுக்கு. பக்கத்து வீட்டு மராத்திப் பெண்ணிடம் கற்றுக்கொண்ட சங்கர்பாளி என்ற மைதா இனிப்பு, சதுரம் சதுரமாக. கொட்டையை எடுத்துவிட்டு முந்திரி வைத்த பேரீச்சம்பழம். அவித்த முட்டையை நாலாக வெட்டி, மிளகு தூவி, ஈர்க்குச்சி குத்தியிருந்தாள். ரொட்டித் துண்டுக்குள் மல்லிச் சட்னி. எல்லாரும் வலது கையில் தின்றுகொண்டே இடது கையால் புத்தகத்தை வாங்கினார்கள். கூட்டமே சந்தோஷமாக இருந்தது. நான் ஒருவன்தான் எண்ணெய் இல்லாத என் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

புத்தகம் என்னிடம் வந்தது. "கண்ணாடி கொண்டு வரல" என்றேன். பக்கத்தில் தானியேல் நின்றான். நல்ல மனுஷன், தன் கண்ணாடியைக் கழற்றி என் மூக்கில் மாட்டிவிட்டான். "இப்பத் தெரியுதா அண்ணாச்சி?" என்று கேட்டான். நன்றாகத் தெரிந்தது. எறும்பு மாதிரி இருந்த எழுத்தெல்லாம் சுண்டெலி அளவுக்குப் பெரிதாகத் தெரிந்தன. ஆனால் ஒரு எழுத்தும் என்னோடு பேசவில்லை. எல்லாரும் எனக்காகக் காத்திருந்தார்கள்.

அப்போது எஸ்தர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "அண்ணாச்சி, டீப் பானையை இறக்கணும். இங்க தெம்புள்ள ஆளு நீங்கதான். வந்து ஒரு கை பிடிங்க" என்றாள். என் கையிலிருந்த புத்தகத்தை எடுத்துப் புருஷனிடம் கொடுத்தாள். நான் போனேன். பானை ஏற்கெனவே கீழேதான் இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். அவள் ஒரு டம்ளர் டீயை ஊற்றி என்னிடம் நீட்டினாள்.

அந்த டீயைக் குடிக்கும்போது எனக்கு நன்றி தோன்றியிருக்க வேண்டும். பயம்தான் தோன்றியது. இவளுக்குத் தெரிந்துவிட்டது, இனி யாரிடமாவது சொல்வாள் என்ற பயம்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு முன்னால் கமிட்டி கூடியது. பலகாரப் பேச்சு வந்ததும் நான் எழுந்தேன். "போன வருஷம் போட்டது பலகாரமா? கிளிக்குப் போடுற தீனி. நெய்யும் கிடையாது, வெல்லமும் கிடையாது. ஆஸ்பத்திரியில கூட இதவிட நல்லாப் போடுவான்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு வந்ததும் எனக்குத் தைரியம் கூடியது. இன்னும் இரண்டு சொன்னேன். பொறுப்பை எஸ்தரிடமிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தார்கள். சமையலைப் பார்த்துக்கொள்ள ஞானம்மாள் மதினியைப் போட்டார்கள். "கிளித்தீனி" என்ற பேர் அந்த வாரமே சந்தெல்லாம் பரவிவிட்டது. பிள்ளைகள் எஸ்தரையே அப்படிக் கூப்பிட்டார்கள். அந்தப் பேரை வைத்தது யாரென்று பலருக்கு மறந்திருக்கும். நான்தான் வைத்தேன்.

கமிட்டி கூடிய மறுநாளே எஸ்தர் என் வீட்டுக்கு வந்தாள். சண்டை போட வரவில்லை. நாலாக மடித்த ஒரு காகிதத்தை நீட்டி, "இத ஞானம்மா மதினிட்ட குடுத்துருங்க அண்ணாச்சி. எது எப்படிச் செய்யணும்னு எழுதியிருக்கேன். மதினி படிச்சுப் பார்த்துக்கிடட்டும்" என்றாள்.

நான் கொடுக்கவில்லை. ஞானம்மாள் காதில் ஒரு சங்கதி விழுந்தால் மாட்டுங்கா வரை போய்விடும் என்று நாம் எல்லாரும் சொல்வோம் அல்லவா? எஸ்தர் அந்தக் காகிதத்தில் என்னைப் பற்றித்தான் எழுதியிருப்பாள், அவள் இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் செய்வேன் என்று நினைத்தேன். வாசித்துப் பார்க்கவும் முடியாது, வாசிக்கச் சொல்லி யாரையும் கேட்கவும் முடியாது. என் பழைய தகரப் பெட்டியில், உடுத்தாத வேட்டிகளுக்கு அடியில் போட்டுவிட்டேன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு எண்ணெய் சொட்டச் சொட்ட அதிரசம் போட்டேன். எஸ்தர் கடைசி ஆளாக வந்து ஒன்று வாங்கித் தின்றாள். "நல்லாருக்கு அண்ணாச்சி" என்றாள். பிறகு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "கை கழுவத் தண்ணி எங்க இருக்கு?" என்று கேட்டாள். சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு போனாள்.

அடுத்த வருஷம் தானியேலுக்குச் செம்பூரில் கம்பெனி வீடு கிடைத்து அவர்கள் போய்விட்டார்கள். பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். நான் ஒரு தடவைகூடப் போகவில்லை.

தோல்ஷாப் வேலையிலிருந்து நின்ற பிறகு, எனக்குத் தெரிந்தவர்கள் யாரும் இல்லாத சுனாபட்டியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். ஓய்வு பெற்ற ரயில்வே குமாஸ்தா ஒருவர் தொழிலாளிகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். சிநேகிதனைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லியிருந்தேன். ஒரு வருஷத்தில் வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. வேலையே இல்லாமல் மாட்டுங்காவில் சுற்றிச் சுற்றிப் பலகைகளை வாசித்தேன். ஒரு ஓட்டலில் "கை கழுவும் இடம்" என்று எழுதியிருந்ததை இரண்டு தடவை வாசித்தேன். இரண்டாம் தடவை வாசிக்கும்போது எஸ்தர் ஞாபகம் வந்தது. அப்போதும் அந்தப் பெட்டியைத் திறக்கவில்லை. பஸ்ஸும் ஏறவில்லை.

தானியேலின் கார்டு வந்த அன்றுதான் பெட்டியைத் திறந்தேன். மடித்த இடங்களில் காகிதம் இற்றுப் போயிருந்தது. வாசித்து முடிக்க அந்த மத்தியானம் முழுவதும் ஆயிற்று.

"முறுக்கு ஒரு வாய் அளவு இருக்க வேண்டும். அச்சுமுறுக்கு வேண்டாம், கடித்தால் பாதி கீழே விழும். சங்கர்பாளியை முந்தின நாளே செய்து டின்னில் போடவும். ரொட்டித் துண்டுகளை ஈரத்துணியால் மூடவும், இல்லாவிட்டால் காய்ந்துவிடும். முட்டையைக் கடைசியில் வெட்டவும். பல் இல்லாதவர்களுக்கு ரவை உருண்டை, சின்னதாக." இப்படியே போனது. என்னைப் பற்றிய வரி எங்கே என்று தேடிக்கொண்டே வாசித்தேன். கடைசியில் இருந்தது.

"தோல்ஷாப் அண்ணாச்சிக்கு மட்டும் அதிரசம் இரண்டு, எண்ணெய் பிழியாமல். புத்தகம் அவர் பக்கம் வருமுன் இரண்டு கையிலும் கொடுத்துவிட வேண்டும். மறக்க வேண்டாம். காரணம் கேட்க வேண்டாம்."

நான் அவள் பலகாரத்தைக் கிளித்தீனி என்று சொல்லி ஊரைச் சிரிக்க வைத்த மறுநாள் அவள் எழுதியது இது.

அடுத்த ஞாயிறு வகுப்புக்குப் போகவில்லை, செம்பூருக்குப் போனேன். தானியேலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அவளுக்குத் தெரியும் அண்ணாச்சி" என்றான். "அன்னைக்கு வீட்டுக்கு வந்ததும் என்னப் பிடிச்சுக்கிட்டா. பெரிய உதவி செய்றதா நினைப்போ, அந்தக் கண்ணாடிய ஏன் கழத்திக் குடுத்தீங்கன்னு ஒரு மணி நேரம் ஏசுனா. எதுக்கு ஏசுதான்னே எனக்கு அன்னைக்கு விளங்கல."

"கிளித்தீனின்னு பேரு வச்சது நான்தான், அதுவும் தெரியுமா?"

"தெரியும். கிளி ஒத்தக் காலால பிடிச்சுத்தானே திங்கும், அண்ணாச்சி சரியாத்தான் பேரு வச்சிருக்காருன்னு சிரிச்சா."

எனக்கும் சிரிப்பு வந்தது. தானியேல் சிரிக்கவில்லை. "ஆனா அதுக்கப்புறம் கிறிஸ்துமஸுக்கு வீட்டுல பலகாரம் எதுவும் செய்யல. கடையில வாங்கிட்டு வாங்கன்னு சொல்லிருவா" என்றான். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு பலகையையும் வாசிக்கவில்லை.

போன மாதம் எஸ்தரின் காகிதத்தைப் பார்த்து என் கையால் நகல் எடுத்து ஞானம்மாள் மதினியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மதினி அதைத் தூரப் பிடித்தாள், கிட்டப் பிடித்தாள். "யாரு எழுதுனது இது? கோழி கிளறுன மாதிரி இருக்கு" என்றாள்.

"நான்தான் மதினி. போன வருஷம்தான் எழுதப் படிச்சேன்."

மதினி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு காகிதத்தை வாசித்தாள். சங்கர்பாளி என்ற இடத்தில் நிறுத்தி, "இது எஸ்தர் செய்றதுல்லா" என்று மெதுவாகச் சொன்னாள். நாலு வருஷத்துக்கு முன்னாலேயே மதினி கைக்கு வந்திருக்க வேண்டியது என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்று வாரம் ஆகிறது. சந்தில் யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. மதினியைப் பற்றியும் நான் தப்பாகத்தான் நினைத்திருக்கிறேன். அதனால் என் சங்கதியை நானே இங்கே சொல்ல வேண்டியதாயிற்று.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு எஸ்தரின் பலகாரம்தான் என்று கமிட்டியில் சொல்லிவிட்டேன். அவளைக் கிளித்தீனி என்று கூப்பிட்டவர்கள் இனி அவள் பேரைச் சொல்லித் தின்னுங்கள். புத்தகம் என் பக்கம் வரும்போது தாண்டிக் கொடுத்துவிடாதீர்கள். நேரம் ஆகும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். என் கை காய்ந்துதான் இருக்கும்.

மதினிக்குக் கொடுத்த நகலில் கடைசி வரியை நான் எழுதவில்லை. சமையலுக்கு இனி அது தேவை இல்லை. அந்த வரி எஸ்தரின் கையெழுத்திலேயே என் பெட்டியில் இருக்கிறது, கிழிக்காத அந்தக் கார்டுக்குப் பக்கத்தில்.