செஸ் புரோகிராம் எழுதிய நான் எந்தப் பிரிவு?

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆம்பூரில் ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் யூனிட்டைத் தனியாளாக நிறுத்தினேன். தோல் வெட்டும் அளவுகளைக் கம்ப்யூட்டரில் வரைகிற காலம் வந்தபோது, யாரிடமும் கைகட்டி நிற்காமல் அதையும் கற்றேன். அந்தத் தைரியத்தில், தலை நரைத்த பிறகு, செஸ் ஆடும் புரோகிராம் ஒன்றை நானே எழுதினேன். இந்தப் பக்கம் வேறு யாராவது எழுதியிருந்தால் வந்து சொல்லட்டும்.

இப்படிப்பட்ட புரோகிராம்கள் ஒன்றோடொன்று மோதும் போட்டி இன்டர்நெட்டில் நடக்கிறது. பொழுதுபோக்காக எழுதுகிறவர்களுக்கு ஒரு பிரிவு, தொழிலாகச் செய்கிறவர்களுக்கு ஒரு பிரிவு. பொழுதுபோக்குப் பிரிவில் போன முறை ஜெயித்தது ஒரு கல்லூரிப் பேராசிரியரின் புரோகிராம். பயிற்சி ஆட்டங்களில் அதை என்னுடையது பலமுறை மண் கவ்வ வைத்திருக்கிறது. நாலு பேர் பார்க்க அதை ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

பெயர் கொடுத்தேன். பட்டியல் வந்தபோது என்னைத் தொழில் பிரிவில் போட்டிருந்தார்கள். பெரிய கம்பெனிகளின் புரோகிராம்கள் ஆடுகிற இடம் அது.

போட்டி நடத்தும் பெண்ணுக்குப் போன் செய்தேன். என் பெயரோடு எக்ஸ்போர்ட் கம்பெனியின் பெயரும் இருக்கிறதே என்றார். எங்கள் ஊரில் இரண்டு தையல் மெஷின் போட்டவனும் போர்டில் ‘எக்ஸ்போர்ட்ஸ்’ என்றுதான் எழுதுவான். நானும் எழுதினேன். என் பேரில் ஒரு ஜோடி ஷூகூடக் கப்பல் ஏறியதில்லை. ஆனாலும் எங்கே பெயர் கொடுத்தாலும் அதையும் சேர்த்துக் கொடுத்தே பழகிவிட்டது. நான் சாஃப்ட்வேர் ஏற்றுமதி செய்வதாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

“இது என் தொழில் இல்ல, பொழுதுபோக்குதான்னு ஒரு வரி அனுப்பிடுங்க சார். மாத்திடறோம்.”

அப்படியானால் அந்தப் பேராசிரியர் யார் என்று கேட்டேன். மாணவர்களை வைத்துக்கொண்டு கல்லூரியிலேயே அந்த வேலையைப் பார்க்கிறார். அவருக்குச் சம்பளம் பாடம் நடத்துவதற்குத்தான், அதனால் அவர் பொழுதுபோக்குக்காரர் என்று விளக்கினார். மெஷின் சத்தத்துக்கு நடுவே ஒற்றை ஆளாக எழுதிய நான் தொழில்காரனாம். விதி அப்படி என்றார்.

பக்கத்துத் தோல் ஷாப் வைத்திருக்கும் பாயிடம் போய்ப் புலம்பினேன்.

“ஒரு வரிதானே தோஸ்த். எழுதிப் போட்டுட்டு ஆடுவியா, சும்மா பேஜார் பண்ணிக்கினு.”

“நான் எதையும் பொழுதுபோக்கா செஞ்சவன் இல்ல பாய்.”

“எக்ஸ்போர்ட்ஸுன்னு போர்டு எழுதறப்போ மட்டும் கை கூசலயா?”

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அன்றைக்கே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். பொழுதுபோக்கு என்று அடித்தேன், அழித்தேன். மறுபடி அடித்தேன். சினிமாவுக்குக்கூடப் போகாமல் பிழைத்தவன் நான். கடைசியில், இது நான் தனியாக எழுதியது, யாருக்கும் விற்றதில்லை என்று மட்டும் அனுப்பினேன். அது போதாது, அவர்கள் கேட்ட வரியே வேண்டும் என்று பதில் வந்தது. நான் அனுப்பவில்லை.

தொழில் பிரிவில் என் புரோகிராம் எல்லா ஆட்டத்திலும் தோற்றது. பொழுதுபோக்குப் பிரிவில் பேராசிரியர் மறுபடியும் ஜெயித்தார். இதெல்லாம் ஓய்வு நேரத்தில் விளையாட்டாகச் செய்தது என்று இன்டர்நெட்டில் சிரித்துக்கொண்டே பேசினார். முழுவதையும் உட்கார்ந்து கேட்டேன். வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.