சிவப்பு முட்டைகளும் ஒரு குடும்பப் பெயரும்

இத்தாலியின் பலேர்மோ நகரில், வியா மக்வேதா என்ற பெருந்தெருவிலிருந்து பிரியும் சந்தொன்றில், ஒரு சீனத் துணிக்கடையில் நான் உடுப்புகள் திருத்தித் தைக்கிறேன். கடைக்காரியை சிஞ்ஞோரா, அதாவது அம்மா, என்றுதான் கூப்பிடுவேன். நாங்கள் கதைப்பது உடைந்த இத்தாலியனில். இங்கே அதை என் தமிழிலேயே எழுதுகிறேன்.

சிஞ்ஞோராவுக்கு ஒரே மகள். சீனாவில் ஒரு பிள்ளைக்குமேல் கூடாது என்றிருந்த காலத்தில் பிறந்தவள். பேரன் பிறப்பான் என்று காத்திருந்த சிஞ்ஞோராவின் மாமனார், பிறந்தது பெண் என்றதும் ஆஸ்பத்திரி வாசலோடு திரும்பிப் போய்விட்டாராம். குடும்பப் பெயர் இத்தோடு முடிந்தது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாராம்.

அந்த மகள் சீனாவிலேயே இருந்து பாலம் கட்டும் பொறியியலாளராகி, முப்பது வயது தாண்டியும் கல்யாணம் வேண்டாம் என்றிருந்தாள். சிஞ்ஞோராவே பலேர்மோவிலிருந்து மாப்பிள்ளைகளின் படங்களை அனுப்பி அலுத்துப்போனார். கடைசியில் மகள் தானே ஒருவனைப் பார்த்துக்கொண்டாள். முதல் பிள்ளைக்கு அவன் குடும்பப் பெயர், இரண்டாவதுக்குத் தன் குடும்பப் பெயர் என்று பேசித்தான் கட்டினாள். இப்போது அங்கே பலர் அப்படிச் செய்கிறார்களாம்.

இந்த வசந்தத்தில் இரண்டாவது பிறந்தது. பெண்.

நான் ஒரு காற்சட்டைக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தபோது கைபேசியில் வீடியோ அழைப்பு வந்தது. திரையில் சிஞ்ஞோராவின் அந்த மாமனார். பல்லில்லாத வாயால் சிரித்தபடி, குழந்தையைத் தூக்கிக் காட்டி ஏதோ உரக்கச் சொன்னார். சிஞ்ஞோரா பதிலுக்கு ஒன்று கேட்டார். கிழவர் சுருக்கமாக ஏதோ சொல்ல, சிஞ்ஞோரா சிரித்துச் சிரித்து, நிற்க முடியாமல் துணி மூட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

“என்ன சொன்னவர்?” என்று கேட்டேன்.

“பிள்ளையின்ர முழுப் பேரைச் சொல்லுறார், எங்கட குடும்பப் பேரோட. எல்லாருக்கும் முதல் ஆஸ்பத்திரிக்குப் போய் நிண்டவராம்.”

“உங்களுக்குக் கோவம் வரேல்லையே?”

“வந்தது. ‘மாமா, இது பொம்பிளைப் பிள்ளை, தெரியுமோ?’ எண்டு கேட்டுப்போட்டன்.”

“அதுக்கு?”

“‘ஒருக்காச் சொன்னாக் காணும், எனக்குக் காது நல்லாக் கேக்குது’ எண்டார்.”

பிள்ளைக்கு ஒரு மாதம் ஆனதும் முட்டைக்குச் சிவப்புச் சாயம் ஏற்றிப் பங்கிடுவது அவர்கள் வழக்கம். சிஞ்ஞோராவால் அவ்வளவு நாள் பொறுக்க முடியவில்லை. பட்டப்பகலில் கடையைப் பூட்டினார். அப்படி அவர் செய்து நான் கண்டதில்லை. கபோ சந்தைக்குப் போய்த் தட்டுத் தட்டாக முட்டை வாங்கி வந்தோம். கடையின் பின்னறையில் அவித்துச் சாயம் போட்டதில் என் கைகளும் சிவந்துபோயின. சந்து முழுவதும் கொடுத்தோம். “பாஸ்குவா முடிஞ்சு போச்சே, சிஞ்ஞோரா,” என்றார் காப்பிக் கடைக்காரர், ஈஸ்டர் முட்டை என்று நினைத்து. “எனக்கு இண்டைக்குத்தான்,” என்று சொல்லி, அவருக்கு இன்னொன்றும் கொடுத்தார் சிஞ்ஞோரா.

மிஞ்சியவற்றை நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். கதையைக் கேட்ட என் மகள் உடனே சொன்னாள்: “எனக்கு ரெண்டு பிள்ளை பிறந்தா, ஒண்டுக்கு அம்மான்ர பேர்.”

“அப்ப மற்றதுக்கு என்ர பேர்தானே?” என்றார் என் கணவர்.

“வெதியாமோ,” என்றாள் இத்தாலியனில். பார்ப்போம் என்று அர்த்தம்.

அவர் முட்டையை உரித்தார். பிறகு என்னைப் பார்த்து, “உப்பை எடும்,” என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு.