கண் கலங்கும் நடுவர்

மாவட்ட பேஸ்பால் நடுவர் சங்கத்தின் பதிவேட்டில் இப்படி ஒரு குறிப்பு இருக்கிறது: ‘வெர்லின் ஷ்ராடர். வெல்டன் கிராஸ், அயோவா. அனுபவம் இருபத்தாறு ஆண்டுகள். பார்வை கூர்மையானது. எச்சூழலிலும் உணர்ச்சிவசப்படாதவர்.’

இதை எழுதியவர் வெர்லினை நேரில் பார்த்திருக்க வாய்ப்பில்லை. பார்த்திருந்தாலும், வெர்லினின் முகம் நடுவரின் முகக்கவசத்துக்குள் மறைந்திருக்கும்போதுதான் பார்த்திருப்பார்.

தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடுவது வெர்லினின் பிழைப்பு. அழுவது அவருடைய சுபாவம். பள்ளிப் பிள்ளைகள் தேசிய கீதத்தைச் சுருதி தப்பிப் பாடினால் அழுவார். சுருதியோடு பாடிவிட்டால் இன்னும் கொஞ்சம் அழுவார். கண்காட்சியில் பரிசு வாங்கிய கன்றுக்குட்டியை ஏலத்தில் விடும்போது, அதை வளர்த்த குழந்தையை அதன் அம்மா தேற்றுவாள். வெர்லினை ஆர்டிஸ் தேற்றுவாள். ஆர்டிஸ் அவர் மனைவி. முப்பது வருட மணவாழ்க்கையில் அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. வீட்டுக்கு ஒருவர் போதும் என்பது அவள் கொள்கை.

வெல்டன் கிராஸில் மற்ற ஆண்கள் அழுவதில்லை. ஜூலையில் மக்காச்சோளம் பூக்கிறது, மகரந்தம் பறக்கிறது, கண்ணில் நீர் வடிகிறது, அவ்வளவுதான். ஜனவரிக்குக் குளிர்காற்று இருக்கிறது. அக்டோபரில் மட்டும் துக்கச் செய்தி எதுவும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தொண்ணூறாம் வருடம் ஜூலை மாதம், சோளம் பூத்த அதே வாரத்தில், லோயிஸ் வாண்டர்ஸியின் தியேட்டருக்கு ஒரு பேஸ்பால் படம் வந்தது. செத்துப்போன ஒரு நடுவர், தான் எப்போதோ தப்பாகக் கொடுத்த ஒரு தீர்ப்பினால் கல்லறையில் நிம்மதியில்லாமல், சாயங்காலந்தோறும் மைதானத்துக்கு வருகிறார். கடைசியில், அன்று அநியாயமாக அவுட் ஆக்கப்பட்டவரை, இப்போது கைத்தடி ஊன்றும் கிழவரை, மறுபடி ஓடச் சொல்கிறார். கிழவர் தடியைப் போட்டுவிட்டு ஓடி வருகிறார். நடுவர் இரண்டு கைகளையும் விரித்து ‘சேஃப்’, அதாவது அவுட் இல்லை, என்கிறார். பிறகு கரைந்துபோகிறார்.

நியாயமாகப் பார்த்தால் படத்தில் ஒன்றுமில்லை. ஆவியின் சட்டைக் காலரில் சலவைக்கடைச் சீட்டு தெரிகிறது. ஆனாலும் மூன்று வாரம் ஓடியது. காரணத்தை லோயிஸ்தான் சொன்னாள்: “இந்த ஊர்ல ஒருத்தன் ‘என் தப்பு’ன்னு வாயத் தொறந்து சொல்லணும்னா, செத்துட்டுத்தான் வரணும்போல. அதான் கூட்டம்.”

அவளும் ஊர் தெரிந்தவள். பெயர்ப்பட்டியல் ஓடி முடிந்த பிறகும் மூன்று நிமிடம் விளக்கைப் போடமாட்டாள். எந்தப் படத்துக்கும் பட்டியலைப் படித்திராத ஊர், இந்தப் படத்துக்கு மட்டும் உதவி எலக்ட்ரீஷியன் பெயர்வரை இருந்து படித்துவிட்டுப் போனது. ஏ.சி. போட்ட அரங்குக்குள் மகரந்தம் எப்படி வந்தது என்று ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை.

வெர்லின் நான்கு முறை பார்த்தார். ஒவ்வொரு முறையும் முந்தின முறையைவிட மோசமான நிலையில் வெளியே வந்தார். ஏனென்றால் அவரிடமும் அப்படி ஒரு தீர்ப்பு இருந்தது.

எழுபத்தாறாம் வருடம், பக்கத்து ஊரோடு இறுதியாட்டம். கடைசி நேரம், சமநிலை. ஆர்டிஸின் அண்ணன் டேல் புஸ்கர்க், ஓட்டப் பாதையின் மூன்றாவது தளத்திலிருந்து வீட்டுத்தட்டை நோக்கி ஓடி வந்தார். தரையில் பதித்த அந்த ரப்பர்த் தட்டை, எதிரணியினர் பந்தால் தன்னைத் தொடுமுன் தொட்டுவிட்டால் கோப்பை வெல்டன் கிராஸுக்கு. டேல் பருத்த ஆள். வாழ்நாளில் மாட்டுக்குப் பின்னால்கூட ஓடியதில்லை. தொப்பி பறக்க, ஒரு ஷூ கழன்றுபோக, ஓடி வந்து விழுந்தார். பந்தும் வந்தது. புழுதி எழும்பியது. வெர்லின் ‘அவுட்’ என்றார். ஆட்டம் நீண்டு, கோப்பை பக்கத்து ஊருக்குப் போயிற்று.

டேல் அதற்குப் பிறகு வெர்லின் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. ஆனால் தங்கையை விட்டுக்கொடுக்கவும் முடியவில்லை. அதனால் நவம்பர் மாதம் நன்றியறிதல் நாள் விருந்துக்குத் தவறாமல் வருவார். வாசலில் தன் பிக்கப் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் உள்ளேயே உட்கார்ந்திருப்பார். ஆர்டிஸ் வான்கோழியும் மசித்த உருளைக்கிழங்கும் தட்டில் எடுத்துப்போய்க் கண்ணாடி வழியாகக் கொடுப்பாள். பதினான்கு வருடமாக ஷ்ராடர் குடும்பத்து விருந்து இப்படி இரண்டு இடத்தில் நடந்தது.

நான்காம் முறை பார்த்துவிட்டு வந்த அன்று, சமையலறையில் வெர்லின் மனைவியிடம் சொல்லிவிட்டார்.

“ஆர்டிஸ், அன்னிக்கி நான் பாக்கவே இல்ல.”

“எதை?”

“டேல் தட்டைத் தொட்டானா இல்லையான்னு. அந்த உடம்ப வச்சுகிட்டு, ஒத்தைக் கால் ஷூவோட அவன் உசுர விட்டு ஓடி வந்தானா... எனக்குக் கண்ணு நெறஞ்சுருச்சு. ஒண்ணும் தெரியல. சும்மா அவுட்டுன்னுட்டேன்.”

ஆர்டிஸ் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். “பதினாலு வருஷம் நான் பனியில தட்டத் தூக்கிட்டு நடந்திருக்கேன், வெர்லின்.”

“தெரியும்.”

“அதை அவன்கிட்டப் போயிச் சொல்லு.”

“சொன்னா இனிமே என்னை எவன் நடுவரா நிக்க விடுவான்?”

“நிக்க வேணாம். உக்காரு. நீயும் அவனும் ஒரே மேசையில உக்காந்தாப் போதும் எனக்கு.”

மறுநாள் ஆறு மணிக் காட்சிக்கு, சினிமா என்பது வேலையில்லாதவர்களுக்கு என்று சொல்லும் அண்ணனை, எதிர்த்துப் பேச இடம் கொடுக்காமல், ஆர்டிஸ் இழுத்துப் போனாள். வெர்லின் தியேட்டர் வாசலில் டேலின் வண்டியருகே காத்து நின்றார். காட்சி முடிந்து, பட்டியல் முடிந்து, மூன்று நிமிடமும் முடிந்தபின் டேல் தக்காளி நிறக் கண்ணோடு வெளியே வந்தார்.

“மகரந்தம்” என்றார் யாரிடமோ. பிறகு வெர்லினைப் பார்த்தார். பதினான்கு வருடத்தில் இவர்கள் இவ்வளவு அருகில் நின்றதில்லை.

வெர்லின் ஒரே மூச்சில் சொன்னார். கண்ணீர், ஷூ, புழுதி எல்லாவற்றையும். “நான் பாக்கல, டேல். நீ சேஃப்பாத்தான் இருந்திருப்ப. என் தப்பு.”

வெளியே வந்துகொண்டிருந்த கூட்டம் அப்படியே நின்றது. படம் இன்னும் முடியவில்லை என்று தோன்றியிருக்க வேண்டும்.

“பாக்கலையா?” என்றார் டேல்.

“இல்ல.”

“அடப்பாவி. நான் தட்டத் தொடவே இல்லடா. ஒண்ணேகால் அடி இருந்துச்சு. மூச்சு முட்டிப் பாதியில விழுந்துட்டேன். அதை நீ ஒருத்தன் மட்டும் கிட்ட நின்னு பாத்துட்டன்னுதான் உன் மொகத்துல முழிக்க முடியல எனக்கு.”

குருட்டுத் தீர்ப்பு சரியான தீர்ப்பாக இருந்துவிட்டது. மன்னிப்பு கேட்க வந்தவருக்குக் குற்றமில்லை. மன்னிக்க வேண்டியவருக்குக் கோபமில்லை. பதினான்கு வருடக் குளிரில் எஞ்சின் ஓடியதுதான் மிச்சம். இதோடு எல்லோரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் படம் பார்த்துவிட்டு வந்த ஐம்பத்தாறு வயது மனிதருக்கு அது போதவில்லை.

“மறுபடி ஓடறேன்” என்றார் டேல். “இந்தத் தடவ நீ பாரு.”

மைதானம் இரண்டு தெரு தள்ளி. வெளிச்சம் இன்னும் இருந்தது. கூட்டம் முழுவதும் பின்னாலேயே போனது. பந்து இல்லாமல் ஓடினால் அது நடைப்பயிற்சி என்று சொல்லிவிட்டு, ஆர்டிஸ் தட்டருகே கையுறையோடு நின்றாள். லோயிஸ் நடுவிலிருந்து எறிவதாக ஒத்துக்கொண்டாள்.

“அண்ணன்னு பாக்கமாட்டேன்” என்று ஆர்டிஸ் கத்திச் சொன்னாள்.

“நீ என்னிக்குப் பாத்த?” என்றார் டேல் மூன்றாவது தளத்திலிருந்து.

ஓடினார். முழங்கால் ஒன்று சொல்பேச்சு கேட்கவில்லை. மற்றொன்று அதைப் பார்த்துக் கெட்டது. பாதி வழியில் கூட்டத்தில் மூக்குறிஞ்சும் ஒலி தொடங்கியது. வெர்லினுக்குக் கண்ணீர் தாடைவரை வழிந்தது. துடைக்கக் கை எடுத்தால் கண் மறைந்துவிடும் என்று துடைக்காமல், இமைக்காமல், மண்ணைத் தொடுமளவு குனிந்து நின்றார். டேல் விழுந்தார். பந்தும் வந்தது. ஆர்டிஸ் அதை அண்ணன் தோளில், தேவைக்குச் சற்று அதிகமாகவே, அழுத்தினாள்.

ஊரே வெர்லினின் கைகளைப் பார்த்தது. அவை விரிய வேண்டிய இடம் இதுதான் என்று மூன்று வாரமாக எல்லோருக்கும் மனப்பாடம்.

டேல் படுத்தபடியே தலையைத் தூக்கினார். “பாத்தியா?”

“பாத்தேன்.”

“எவ்ளோ?”

“நாலு அங்குலம்.”

“முன்னேறியிருக்கேன்” என்றார் டேல். “சரி, சொல்லித் தொல. முட்டி வலிக்குது. உங்க வீட்டுக்குள்ள வந்து உக்காரணும் நான்.”

வெர்லின் ஷ்ராடர் ஈரக் கண்ணோடு வலது கையை மடக்கி உயர்த்தி, அவுட் கொடுத்தார்.